முப்புரிக் கயிற்றின் பள்ளத்தில் ஓர் இழை: வைரஸ் இணைவுப் புரதத்தைப் பார்த்துப் பெப்டைடு தடுப்பான் வடிவமைக்கும் முறை

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விசைப்படகு கட்டியிருக்கும் கயிற்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். மூன்று புரிகள் ஒன்றையொன்று சுற்றி ஓடும். புரிக்கும் புரிக்கும் நடுவே ஒரு பள்ளம் கூடவே சுற்றிப் போகும். அந்த மூன்று பள்ளங்களிலும் மெல்லிய நூல் ஒவ்வொன்றை அழுத்தி வைத்தால் ஆறு இழைக் கட்டு கிடைக்கும். வைரஸ் சவ்வைச் செல் சவ்வோடு ஒட்டவைக்கும் இணைவுப் புரதங்களான எச்.ஐ.வி.யின் ஜிபி41, சார்ஸ்-கோவி-2இன் எஸ்2, நிபாவின் எஃப், சுவாச வைரஸான ஆர்.எஸ்.வி.யின் எஃப் எல்லாமே வேலை முடிந்தபின் இந்த வடிவத்தில்தான் போய் நிற்கின்றன. உள்ளே இருக்கும் மூன்று புரிகள் எச்ஆர்1, பள்ளத்தில் படுப்பவை எச்ஆர்2. எச்ஆர்2இன் நகலான சிறு அமினோ அமிலச் சங்கிலி (பெப்டைடு) ஒன்றை நாம் முந்திக்கொண்டு பள்ளத்தில் படுக்க வைத்தால் வைரஸின் சொந்த எச்ஆர்2க்கு இடம் இருக்காது. வைரஸ் சவ்வும் செல் சவ்வும் நெருங்காது, வைரஸ் வாசலிலேயே நின்றுவிடும்.

சொல்வதற்கு எளிது. ஆனால் ‘வேலை முடிந்தபின்’ என்ற சொல்லில்தான் பலரும் சறுக்குகிறார்கள். நம்மிடம் இருக்கும் அழகான படிக அமைப்பு, சண்டை ஓய்ந்த பிறகு எடுத்த படம். நாம் தாக்க வேண்டிய வடிவமோ நடுவில் சில நிமிடங்கள் மட்டும் தலைகாட்டிவிட்டுப் போவது. எந்த இழை எந்தப் பள்ளத்தில் எப்படிப் படுக்கும் என்று அமைப்பு சொல்லும். அந்த நிமிடங்களில் நம் பெப்டைடு அங்கே இருக்குமா என்று சொல்லாது. பின்வரும் ஒவ்வொரு படியிலும் இந்த இரண்டு கேள்விகளையும் பிரித்தே வைத்துக்கொள்ளுங்கள். காலாப்பட்டிலோ சிதம்பரத்திலோ முதுகலைத் திட்ட வேலையாக இதைத் தொடங்குபவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது. கணினிப் பகுதியில் பெரும்பாலானவற்றுக்குச் சாதாரண மடிக்கணினி போதும்.

குறி எது

எச்.ஐ.வி.யை எடுத்துக்கொள்வோம். வைரஸின் வெளிப்புறப் புரதமான ஜிபி120, செல்லின் சிடி4 என்ற ஏற்பியையும் துணை ஏற்பியையும் பிடித்ததும் அதன் அடியில் மடங்கிக் கிடந்த ஜிபி41 நிமிர்கிறது. அதன் முனையில் உள்ள இணைவுப் பெப்டைடு செல் சவ்வில் குத்துகிறது. இப்போது ஒரே புரதத்தின் ஒரு கால் வைரஸிலும் மறு கால் செல்லிலும் இருக்கிறது. எச்ஆர்1இன் மூன்று சுருள்களும் கயிறாக முறுக்கிக்கொண்டு பள்ளங்களைத் திறந்து காட்டிக்கொண்டிருக்கும் நேரம் இதுதான். அடுத்து எச்ஆர்2 எதிர்த் திசையில் மடங்கி வந்து பள்ளத்தில் விழும், இரு சவ்வுகளும் இழுபட்டு ஒட்டும்.

புதுச்சேரிப் பேருந்து நிலையத்தில் சன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிற மாதிரிதான் நம் பெப்டைடின் வேலை. துண்டு எவ்வளவு கெட்டி என்பது இரண்டாம்பட்சம். வண்டி நின்றதும் யார் முதலில் போடுகிறார்கள் என்பதே கணக்கு. இது உவமைக்காகச் சொன்னது மட்டுமல்ல. ஜிபி41இன் பள்ளத்தில் மிக இறுக்கமாகப் பிணையும் பெப்டைடுகளில், பிணைப்பு ஓரளவு தளர்ந்தாலும் தடுப்புத் திறன் குறையாமல் நிற்பதைக் காணலாம். அங்கே திறனை நிர்ணயிப்பது போய்ச் சேரும் வேகம். ஒரு கட்டத்துக்கு மேல் பிணைப்பு ஆற்றலை மட்டும் கூட்டிக்கொண்டே போவது வீண் உழைப்பு.

வரலாற்றில் ஒரு திருத்தமும் சொல்லிவிட வேண்டும். இந்த வகையின் முதல் மருந்தான என்ஃபுவிர்டைடை (டி20) ‘அமைப்பைப் பார்த்து வடிவமைத்தது’ என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அந்தப் பெப்டைடின் தடுப்புத் திறன் 1994லேயே வெளிவந்துவிட்டது. ஜிபி41 உள்ளகத்தின் படிக அமைப்பு வந்தது 1997ல். முதலில் வரிசை, பிறகுதான் அமைப்பு. அமெரிக்காவில் மருந்துக்கு அனுமதி கிடைத்தது 2003 மார்ச்சில். இந்த முன்பின் ஏன் முக்கியம் என்பது வெட்டும் இடத்துக்கு வரும்போது தெரியும்.

கோப்பைத் திறக்கும்போது

புரத அமைப்புகளைச் சேமிக்கும் பி.டி.பி. தரவகத்தில் ஜிபி41 உள்ளகத்தின் 1ஏஐகே என்ற கோப்பைத் தரவிறக்கி, கைமீராஎக்ஸ், பைமால் போன்ற அமைப்பு காட்டும் மென்பொருளில் திறங்கள். ஆறு சுருள் தெரியும் என்று எதிர்பார்த்தால் இரண்டுதான் தெரியும்: என் என்றொரு சங்கிலி, சி என்றொரு சங்கிலி. கோப்பில் பிழையில்லை. படிகத்தின் மூன்றுமடிச் சமச்சீர் அச்சு மற்ற இரண்டு இணைகளை உருவாக்குவதால், தனித்துவமான மூன்றில் ஒரு பங்கை மட்டுமே சேமித்து வைத்திருக்கிறார்கள். ‘உயிரியல் தொகுப்பு’ என்ற கோப்பைத் தனியாக எடுங்கள், அல்லது மென்பொருளிலேயே தொகுப்பை உருவாக்குங்கள். இதைச் செய்யாமல் இரண்டு சுருளை வைத்தே இடைமுகப் பரப்பைக் கணக்கிட்டவர்கள் உண்டு. சி சங்கிலி படுத்திருப்பது இரண்டு எச்ஆர்1களுக்கு நடுவில் உள்ள பள்ளத்தில். ஒரு கரையை மட்டும் வைத்து ஆற்றை அளந்த கதையாகிவிடும்.

கோப்பைத் திறந்ததும் மூன்றைச் சரிபாருங்கள். எண்ணிடும் முறை எது என்பது ஒன்று: ஜிபி41க்கு எச்எக்ஸ்பி2 (ஒப்பீட்டுக்கான எச்.ஐ.வி. வகை) எண் வழக்கம், 1ஏஐகேயில் எச்ஆர்1 துண்டான என்36 சங்கிலி 546 முதல் 581 வரை, எச்ஆர்2 துண்டான சி34 சங்கிலி 628 முதல் 661 வரை. இன்னொன்று, துண்டின் முனைகள் இயல்பானவையா, படிகத்துக்காக வெட்டியவையா என்பது. மூன்றாவது, இது இணைவுக்கு முந்திய வடிவமா பிந்தியதா. சார்ஸ்-கோவி-2க்கு 6விஎஸ்பி முந்தியது, 6எல்எக்ஸ்டி பிந்திய ஆறு சுருள் கட்டு. முந்திய வடிவத்தில் எச்ஆர்1 ஒரே நீண்ட சுருளாக இருக்காது. துண்டு துண்டாக மடங்கி இருக்கும், பள்ளமே அங்கே கிடையாது. அதில் எச்ஆர்2 பெப்டைடை டாக்கிங் (கணினியில் பொருத்திப் பார்ப்பது) செய்து கிடைக்கும் எண்ணுக்குப் பொருளே இல்லை.

டாக்கிங் பற்றியே ஒரு வார்த்தை. 36 அமினோ அமிலப் பெப்டைடில் சுழலும் பிணைப்புகள் நூறைத் தாண்டும். சிறு மூலக்கூறுகளுக்காக எழுதிய வைனா போன்ற கருவியில் அதைப் போட்டுவிட்டு ‘பிணைப்பு ஆற்றல் இவ்வளவு’ என்று அட்டவணை போடும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. எப்படிப் படுக்கும் என்பதைப் படிக அமைப்பே காட்டிவிட்டதே, பிறகு எதற்கு டாக்கிங்?

ஏழு இடங்கள்

ஆல்பா சுருளில் ஒரு சுற்றுக்கு 3.6 அமினோ அமிலம். சுருள்கள் ஒன்றையொன்று முறுக்கும்போது அது 3.5 ஆகி, இரண்டு சுற்றுக்கு ஏழு என்று கணக்கு நேர்ப்படும். அதனால் வரிசையை ஏழேழாக அடுக்கி ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி என்று இடம் குறிக்கிறோம். (சுருள் வலப்பக்கம் சுற்றும், கயிறு இடப்பக்கம் முறுக்கும். நிஜக் கயிற்றிலும் இழையின் முறுக்கும் புரியின் முறுக்கும் எதிரெதிர். அப்போதுதான் கயிறு பிரியாமல் நிற்கும்.)

எச்ஆர்1இல் ஏ, டி இரண்டும் உள்ளே பார்த்து மூன்று புரிகளையும் ஒட்டவைக்கின்றன. இ, ஜி இரண்டும் பள்ளத்தின் கரைகள். எச்ஆர்2இல் ஏ, டி பள்ளத்துக்குள் இறங்குகின்றன, இ ஓரளவு தொடும். பி, சி, எஃப் மூன்றும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. வடிவமைப்பின் முதல் விதி இதிலிருந்தே வருகிறது: ஏ, டி பக்கம் கை வைக்காதே, பி, சி, எஃப் உன் விருப்பம்.

சி34ஐயே அடுக்கிப் பாருங்கள். 628இல் உள்ள டிரிப்டோபேனை ஏ என்று வைத்தால் 631 டிரிப்டோபேன் டி, 635 ஐசோலூசின் ஏ, 638 டைரோசின் டி, 642 ஐசோலூசின் ஏ, 645 லூசின் டி. இதுவரை எல்லாம் நீர்விலக்கிகள், பாடப்புத்தகம் மாதிரி. அதற்கப்பால் 649இல் செரின், 652இல் குளூட்டமின், 656இல் அஸ்பரஜின், 659இல் குளூட்டமிக் அமிலம். நீரை விரும்பும் இவை ஏ, டி இடங்களில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் ‘அடுக்கு தவறிவிட்டது’ என்று பலர் சட்டகத்தை நகர்த்திவிடுகிறார்கள். தவறவில்லை. எச்ஆர்2 வெளிப்புற இழை. அதன் ஏ, டி முழுக்க லூசினாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. வரிசையை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல், அமைப்பில் ஒவ்வொரு பக்கச்சங்கிலியும் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று சொடுக்கிப் பார்த்து உறுதி செய்யுங்கள். இடைமுகங்களை அளக்கும் பீசா சேவையில் தொகுப்பைக் கொடுத்தால் ஒவ்வொரு எச்சமும் (சங்கிலியில் உள்ள அமினோ அமிலம்) எத்தனை சதுர ஆங்ஸ்ட்ராம் புதைகிறது என்று பட்டியல் தரும். உங்கள் கைக்குறிப்பும் அந்தப் பட்டியலும் ஒத்துப்போக வேண்டும்.

எங்கே வெட்டுவது

பள்ளம் முழுவதும் ஒரே ஆழமில்லை. எச்ஆர்1இன் கடைசிப் பகுதியில், 568 லூசினும் 571 டிரிப்டோபேனும் இருக்கும் இடத்தில், ஒரு ஆழமான குழி இருக்கிறது. சி34இன் 628, 631 டிரிப்டோபேன்களும் 635 ஐசோலூசினும் அதற்குள் இறங்குகின்றன. குழி வாயிலில் எச்ஆர்1இன் 574 லைசினும் சி34இன் 632 அஸ்பார்டிக் அமிலமும் உப்புப் பாலம் போட்டுக்கொள்கின்றன. பிணைப்பின் நங்கூரம் இதுதான்.

டி20 எங்கே தொடங்குகிறது? 638இல். முடிவது 673இல். நங்கூரம் முழுவதும் வெளியே விடுபட்டிருக்கிறது! அமைப்பு வருவதற்கு முன் தேர்ந்த பெப்டைடு என்பதால் அதைக் குறைசொல்ல முடியாது. வால் பகுதியில் டிரிப்டோபேன், அஸ்பரஜின், டிரிப்டோபேன், ஃபினைல்அலனின் என்று முடியும் சவ்வு ஒட்டும் துண்டு அந்த இழப்பை ஓரளவு ஈடுகட்டியது. ஆனாலும் எச்ஆர்1இன் 36 முதல் 45 வரையிலான (ஜிபி41ஐ மட்டும் தனியாக எண்ணினால்) சிறு பகுதியில் ஓரிரு மாற்றம் வந்தாலே மருந்து வலுவிழந்தது. வாலினுக்குப் பதில் அலனின், அஸ்பரஜினுக்குப் பதில் அஸ்பார்டிக் அமிலம், அவ்வளவுதான்.

குழியைச் சேர்த்தே வெட்டுங்கள் என்பது இதன் பாடம். முனையையும் ஓரிரு எச்சம் நீட்டிப் பாருங்கள். 628க்கு முன்னால் 626 மெத்தியோனின், 627 திரியோனின் இரண்டையும் சேர்த்தபோது அவை கொக்கிபோல் வளைந்து குழியின் மேல் மூடிக்கொண்டு பிணைப்பைக் கூட்டின. படிகத்துக்காக வெட்டிய துண்டின் எல்லையை மருந்தின் எல்லையாக எடுத்துக்கொண்டிருந்தால் இது தெரிந்தே இருக்காது.

நீளம்: ஒரு எச்சத்துக்கு 1.5 ஆங்ஸ்ட்ராம், 34 எச்சத்துக்கு 51. குறுக்கினால் செலவு குறையும், ஆனால் பிடிப்பு சட்டென்று விழும். குழிப் பகுதியை வைத்துக்கொண்டு உப்புப் பாலங்களால் சுருளை உறுதிப்படுத்தினால்தான் 24, 25 எச்சத்துக்குக் குறைப்பது பற்றி யோசிக்கலாம்.

எச்ஆர்1இன் நகலை எடுத்து எச்ஆர்2ஐப் பிடிக்கலாமே என்று தோன்றும். முடியும், ஆனால் தனியாக விட்ட எச்ஆர்1 பெப்டைடின் ஏ, டி முகம் திறந்து கிடப்பதால் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு குழாயின் அடியில் தங்கிவிடும். நிலையான மூன்று இழைக் கயிறு ஒன்றோடு ஒட்டவைத்தால்தான் அடங்கும். முதல் முயற்சிக்கு வேண்டாம்.

கை வைக்கக்கூடிய இடங்கள்

தனியாக நீரில் கிடக்கும் சி34 பெரும்பாலும் சுருளாக இருக்காது, தளர்ந்த நூல்தான். பள்ளத்தில் விழும்போது மடங்க வேண்டியிருப்பதால் ஆற்றலும் நேரமும் செலவாகின்றன. முன்கூட்டியே சுருளாக்கி வைத்தால் லாபம். இதற்கு எளிய வழி, தண்ணீரைப் பார்க்கும் இடங்களில் குளூட்டமிக் அமிலம் ஒன்று, நான்கு தள்ளி லைசின் ஒன்று என்று வைப்பது. ஒரு சுற்று மேலே இருப்பவர்கள் கைகோத்துக்கொள்வார்கள். முன்னால் குளூட்டமிக், பின்னால் லைசின் என்ற வரிசையே நல்லது; மாற்றி வைத்தால் பலம் குறைவு.

இதன் நல்ல எடுத்துக்காட்டு கொரோனா வைரஸ்களுக்கான இகே1. ஓசி43 என்ற சாதாரணச் சளிக் கொரோனாவின் எச்ஆர்2இலிருந்து எடுத்த 36 எச்சப் பெப்டைடு அது. 13இல் குளூட்டமிக், 17இல் லைசின். 20இல் குளூட்டமிக், 24இல் லைசின். 21இல் குளூட்டமிக், 25இல் லைசின். எல்லாம் நான்கு தள்ளி. அதேசமயம் முதல் 12 எச்சங்களில் அநேகமாக யாரும் கை வைக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். காரணம் 6எல்எக்ஸ்டியைத் திறந்தால் கண்ணுக்குத் தெரியும்: கொரோனா எச்ஆர்2இன் முன்பகுதி சுருளாக இல்லை. நீட்டிய நூலாகவே பள்ளத்தில் படுத்திருக்கிறது, நடுப்பகுதிதான் சுருள். நீட்டிய பகுதியில் குளூட்டமிக்-லைசின் விதியைப் போட்டால் உதவாது, இருக்கும் பிடியும் கெடும். வடிவமைப்பைத் தொடங்கும் முன் எந்த எச்சம் சுருள், எந்த எச்சம் நீட்டம் என்று இரண்டு நிறத்தில் குறித்துவிடுங்கள். இதைத் தவறவிட்ட வடிவமைப்புகள்தான் கணினியில் பிரமாதமாகவும் குழாயில் சுமாராகவும் இருக்கின்றன.

மற்ற சில்லறை மாற்றங்கள்: முன்முனையில் அசிட்டைல், பின்முனையில் அமைடு போட்டு மூடுவது கட்டாயம், மூடாத முனைகளின் மின்சுமை சுருளின் இருமுனையோடு முரண்படும். மெத்தியோனின் பிடிப்பில் பங்கு பெறாத இடமானால் நார்லூசின் போடுங்கள், ஆக்சிஜனேற்றத் தொல்லை போகும். அஸ்பார்டிக்-கிளைசின், அஸ்பரஜின்-கிளைசின் என்று அடுத்தடுத்து வந்தால் தயாரிக்கும்போதும் வைத்திருக்கும்போதும் உருமாறும், பிரித்துவிடுங்கள். ஹைட்ரோகார்பன் தையல் (இரண்டு பக்கச்சங்கிலிகளைப் பிணைத்துச் சுருளை உறுதியாக்குவது) போடுவதானால் பி, சி, எஃப் முகத்தில் மட்டும்.

கொலஸ்ட்ரால் ஒட்டுவது தனி ஆயுதம். எந்த முனையில் ஒட்டுவது என்பதற்கும் அமைப்பே பதில் சொல்கிறது. எச்ஆர்1இன் முன்முனை செல் சவ்வின் பக்கம். நம் பெப்டைடு அதற்கு எதிர்த்திசையில் படுப்பதால் அதன் பின்முனைதான் செல் சவ்வை நோக்கும். கொலஸ்ட்ராலைப் பின்முனையில், நடுவே நான்கு அலகு பெக் (நீரில் கரையும் நெகிழ்வான சங்கிலி) போன்ற இணைப்பு வைத்து ஒட்டினால் பெப்டைடு செல் சவ்வில் நங்கூரமிட்டுப் பள்ளம் திறக்கக் காத்திருக்கும். துண்டை முன்கூட்டியே போட்டு வைத்த மாதிரி. 2021ல் வெளியான ஆய்வொன்றில் இப்படிக் கொலஸ்ட்ரால் ஒட்டிய இரட்டை எச்ஆர்2 பெப்டைடை மூக்கில் தினமும் விட்ட ஃபெரெட்டுகளுக்கு (கீரி போன்ற ஆய்வக விலங்கு), தொற்றிய ஃபெரெட்டுகளோடு ஒரே கூண்டில் 24 மணி நேரம் இருந்தும் சார்ஸ்-கோவி-2 தொற்றவில்லை.

கணினி சொல்வதில் எதை நம்புவது

ஆற்றலைக் கணக்கிடும் ஃபோல்டுஎக்ஸ், ரசெட்டா இரண்டிலும் அலனின் வருடல் செய்யுங்கள்: ஒவ்வொரு எச்சத்தையும் அலனினாக்கி ஆற்றல் எவ்வளவு விழுகிறது என்று பார்ப்பது. 1 கிலோகலோரிக்கு மேல் விழும் இடங்களைத் தொடாதீர்கள். எண்ணின் துல்லியத்தை நம்பாதீர்கள், தரவரிசையை நம்பலாம். மூலக்கூறு இயங்கியல் ஓட்டினால் 80 ஆங்ஸ்ட்ராம் தண்ணீர்ப் பெட்டியில் சுமார் 50,000 அணு வரும். 100 நானோவினாடி ஒன்றை ஓட்டி வரைபடம் போடுவதைவிட, வெவ்வேறு தொடக்க வேகத்தில் மூன்று ஓட்டுவது மேல். வரிசையிலிருந்து வடிவத்தைக் கணிக்கும் ஆல்பாஃபோல்டு தரும் நம்பிக்கை மதிப்பெண் பிணைப்பு வலிமை அல்ல. வடிவத்தைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போதும் எடைபோடும்போதும்

36 எச்சத்துக்கு 35 இணைப்புகள். ஒவ்வொன்றும் 99 விழுக்காடு வெற்றி என்றால் கடைசியில் முழு நீளம் 70 விழுக்காடு. 98 என்றால் 49. ஒரே ஒரு விழுக்காடு வித்தியாசம், பாதி சரக்கு குறைந்த நீளத்தில் போய்விடுகிறது. அதனால்தான் டி20யைப் பெருமளவில் தயாரிக்கும்போது மூன்று துண்டாகச் செய்து பிறகு இணைக்கிறார்கள். தயாரித்துத் தருபவரிடம் 95 விழுக்காட்டுத் தூய்மை, எச்.பி.எல்.சி. படம், நிறை நிறமாலை மூன்றையும் கேளுங்கள். முனை மூடிய சி34இன் நிறை சுமார் 4,290 டால்டன். அதில் 16 கூடியிருந்தால் மெத்தியோனின் ஆக்சிஜன் பிடித்திருக்கிறது.

வந்து சேர்ந்ததும் குப்பியை உடனே திறக்காதீர்கள். ஐப்பசி கார்த்திகையில் நம் கடற்கரையில் காற்றே ஈரத்துணி மாதிரி இருக்கும். உறைபெட்டியிலிருந்து எடுத்த குளிர்ந்த குப்பியைத் திறந்தால் உலர்தூள் கண்ணெதிரே ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். உலர்த்தும் கலத்தில் அரைமணியாவது வைத்து அறை வெப்பத்துக்கு வந்தபின் திறங்கள். ஒரு தடவை சோதனைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து, தூளாகவே −20 டிகிரியில் வையுங்கள். 2011ல் தானே, 2024ல் ஃபெஞ்சல் என்று புயல் வந்து மின்சாரம் போகும் ஊர் நமது. உருகி உறைந்த கரைசல் கெடும், தூள் இரண்டு நாள் தாங்கும்.

எடை ஏமாற்றும். தூளில் பெப்டைடோடு டிரைஃபுளூரோஅசிட்டிக் அமில உப்பும் நீரும் கலந்திருக்கும். சி34இல் 4.29 மி.கி. எடுத்து 1 மி.லி.யில் கரைத்தால் கணக்குப்படி 1 மில்லிமோலார். அதை 20 மடங்கு நீர்த்து 280 நானோமீட்டரில் பாருங்கள். இரண்டு டிரிப்டோபேன் (ஒவ்வொன்றும் 5,500), ஒரு டைரோசின் (1,490), ஆக மோலார் உறிஞ்சல் 12,490. அளவி 0.50 காட்டினால் 40 மைக்ரோமோலார். 20ஆல் பெருக்க 0.80 மில்லிமோலார். ஐந்தில் ஒரு பங்கு காணோம்! எடையை நம்பியிருந்தால் உங்கள் ஐ.சி.50 (பாதித் தடுப்புக்கு வேண்டிய செறிவு) எண் எல்லாமே அந்த அளவு தள்ளியிருக்கும். இகே1இல் டிரிப்டோபேன் கிடையாது, டைரோசின் இரண்டுதான், உறிஞ்சல் 2,980. அதனால் குறைவாக நீர்த்துப் பாருங்கள்.

கரைவது இன்னொரு தலைவலி. சி34இல் எதிர்மின் எச்சம் எட்டு, நேர்மின் இரண்டு, நிகரமாக ஆறு எதிர்மின்சுமை. அமில உப்பாக வரும் தூளை வெறும் தண்ணீரில் போட்டால் நீர் அமிலமாகி, மின்சுமை அணைந்து, பால் மாதிரி கலங்கும். பாஸ்பேட் தாங்கலில் போட்டு, சிறிது சோடியம் ஹைட்ராக்சைடால் பி.எச். 7.4க்குக் கொண்டுவந்தால் தெளியும். கொலஸ்ட்ரால் ஒட்டியவற்றை டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்து வையுங்கள். அவை சாதாரண பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்ளும், ஒட்டாத வகைக் குழாய் வாங்குங்கள்.

குழாயில், பிறகு செல்லில்

எச்ஆர்1 பெப்டைடையும் உங்கள் பெப்டைடையும் 10 மைக்ரோமோலார் சம அளவில் கலந்து 37 டிகிரியில் 30 நிமிடம் வைத்து சி.டி. நிறமாலை (சுருள் வடிவத்தைக் காட்டும் ஒளி அளவீடு) எடுங்கள். 208, 222 நானோமீட்டரில் வரைகோட்டில் இரண்டு இறக்கம் தெரிந்தால் சுருள் உண்டாகியிருக்கிறது. கலவையின் படம், இரண்டின் தனிப் படங்களின் கூட்டுத்தொகையைவிட ஆழமாக இருந்தால்தான் அவை சேர்ந்திருக்கின்றன என்று பொருள். பிறகு 222இல் வைத்து வெப்பத்தை ஏற்றி உருகுநிலை பாருங்கள். என்36-சி34 இணைக்கு அது 65 டிகிரி அருகில் வரும், உங்கள் மாற்றம் ஏற்றியதா இறக்கியதா என்று அதோடு ஒப்பிடலாம். தாங்கலில் குளோரைடு அதிகமிருந்தால் 200க்குக் கீழே இரைச்சல்தான் வரும். சி.டி. கருவி கிடைக்காதவர்களுக்கு எஸ்.டி.எஸ். போடாத ஜெல் போதும். என்36 நேர்மின்சுமை உடையது, ஜெல்லுக்குள்ளேயே வராது. சி34 கீழே ஓடும். கட்டு உருவானால் நடுவே புதிய பட்டை வரும்.

செல் சோதனைக்குப் போலி வைரஸே (பெருக முடியாத துகளின் மேல் வேண்டிய இணைவுப் புரதத்தைப் போர்த்தியது) போதும். நிபா மாதிரியானவற்றின் உயிர் வைரஸ் நான்காம் நிலைப் பாதுகாப்புக் கூடத்துக்கு வெளியே பேச்சே இல்லை. 1 மைக்ரோமோலாரிலிருந்து மும்மடங்காக நீர்த்து எட்டுப் புள்ளிகள், மும்முறை. டி.எம்.எஸ்.ஓ. இறுதியில் 0.5 விழுக்காட்டுக்குள். கட்டுப்பாடாக வரிசையைக் குலுக்கிய பெப்டைடை எல்லாரும் வைக்கிறார்கள். அதைவிடக் கடுமையானது இரண்டு குழி டிரிப்டோபேன்களையும் அலனினாக்கியது. மின்சுமையும் நீளமும் கிட்டத்தட்ட அப்படியே இருந்து பிடிப்பு மட்டும் போகும். இன்னொன்றைத் தவறாமல் வையுங்கள்: வி.எஸ்.வி.யின் ஜி புரதம் போட்ட போலி வைரஸ். இதுவரை பார்த்த இணைவுப் புரதங்கள் முதல் வகை, அது மூன்றாம் வகை; உங்கள் பெப்டைடு படுக்கும் பள்ளம் அதில் கிடையாது. உங்கள் பெப்டைடு அதையும் தடுத்தால் நீங்கள் கண்டது தடுப்பான் அல்ல, செல்லுக்கு நஞ்சு அல்லது சவ்வைக் குலைக்கும் சோப்பு. கொலஸ்ட்ரால் ஒட்டியவற்றில் இது அடிக்கடி நடக்கும், சிவப்பணுச் சிதைவும் சேர்த்துப் பாருங்கள்.

குழாயில் உருகுநிலை ஏறியும் செல்லில் திறன் ஏறாமல் நின்றால் பதற வேண்டாம். பேருந்துத் துண்டை நினைத்துக்கொள்ளுங்கள். பெப்டைடைச் சேர்க்கும் நேரத்தை மாற்றிப் பாருங்கள்: வைரஸுக்கு முன், கூடவே, 10, 20, 30 நிமிடம் கழித்து. எந்த நிமிடத்துக்குப் பிறகு தடுப்பு மறைகிறதோ அதுதான் உங்கள் பள்ளம் திறந்திருந்த நேரம்.

டெங்குவுக்கு இது பொருந்துமா

1975 முதல் கொசுக்களையும் அவை கடத்தும் நோய்களையும் ஆராயும் ஐ.சி.எம்.ஆர். மையம் இருக்கும் புதுச்சேரியில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. நேரடியாகப் பொருந்தாது. டெங்குவின் ஈ புரதம் இரண்டாம் வகை: முன்பு இரட்டையாகப் படுத்திருந்து, பிறகு மும்மையாக நிமிரும், சுருள் கயிறு கிடையாது. ஆனால் மும்மையின் பக்கவாட்டில் ‘தண்டு’ என்ற பகுதி வந்து ஒட்டி முடிப்பது எச்ஆர்2 செய்யும் வேலைதான். தண்டின் 419 முதல் 447 வரையிலான நகல் டெங்கு 2ஐத் தடுக்கும் என்று 2010ல் காட்டினார்கள்.

இடம் இங்கே பெரிய தடை. டெங்கு இணைவது செல்லின் மேற்பரப்பில் அல்ல, உள்ளே எண்டோசோமின் (செல் உள்ளிழுத்த பை) அமிலச் சூழலில். வெளியே மிதக்கும் பெப்டைடு அங்கே போக வேண்டுமே? தண்டுப் பெப்டைடின் நீர்விலக்கும் வால் முதலில் வைரஸின் சவ்விலேயே ஒட்டிக்கொண்டு, வைரஸோடு சேர்ந்து உள்ளே போகிறது. வாலை வெட்டினால் மும்மையோடு பிணைவது நிற்காது, தடுப்புத்தான் நின்றுவிடும். இன்ஃபுளுயன்சாவிலும் இதே சிக்கல். அங்கேயும் கொலஸ்ட்ரால் ஒட்டியபின்தான் எச்ஏ2 (அதன் இணைவுப் புரதப் பகுதி) பெப்டைடு எண்டோசோம்வரை போய் வேலை செய்தது. எனவே மேற்பரப்பிலா உள்ளேயா என்ற கேள்வியை வரிசையைத் தேர்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

தப்பிக்கும் வைரஸ்

வடிவமைப்பை முடித்ததாக நினைக்கும் நாளில், பள்ளத்தில் உங்கள் பெப்டைடு தொடும் எச்ஆர்1 எச்சங்களின் பட்டியலைத் தரவுத்தளத்து மரபணு வரிசைகளோடு ஒப்பிடுங்கள். ஒமிக்ரான் வந்தபோது சார்ஸ்-கோவி-2இன் எச்ஆர்1இல் மூன்று இடம் மாறியது: 954இல் குளூட்டமினுக்குப் பதில் ஹிஸ்டிடின், 969இல் அஸ்பரஜினுக்குப் பதில் லைசின், 981இல் லூசினுக்குப் பதில் ஃபினைல்அலனின். இவற்றில் 969 பள்ளத்தின் கரையில், எச்ஆர்2 படுக்கும் இடத்தில் இருக்கிறது. மாறிய வடிவத்தின் அமைப்புக் கோப்பை எடுத்து, பழையதன் மேல் வைத்து, எச்ஆர்2இன் முதுகெலும்பு எங்கே விலகுகிறது என்று பாருங்கள். பிடிப்பில் பாதிக்கு மேல் ஒரே இடத்தை நம்பியிருந்தால் அந்த வடிவமைப்பை விட்டுவிட்டு, குழியையும் பள்ளத்தின் நீளத்தையும் சேர்த்துப் பிடிக்கும் அடுத்ததை எடுங்கள். அதற்கப்புறம், பெப்டைடின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி வைரஸை வளர்த்துப் பார்க்கும் தேர்வுச் சோதனைக்குத் தகுந்த பாதுகாப்பு வசதி உள்ள கூடத்தோடு பேசத் தொடங்கலாம். அதில் முதலில் மாறும் எச்சம் எதுவோ, 1ஏஐகே போன்ற கோப்பை மறுபடி திறந்து சொடுக்க வேண்டிய இடமும் அதுவே.